கல்லூரி மன்றங்களின் இன்ஸ்டா, யூடியூப் பக்கங்களுக்குப் பதிப்புரிமை விதிகள் எழுத வேண்டும், எங்கே தொடங்குவது?

கோவை விரிவுரையாளர்

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேலை. வகுப்பெடுப்பது போக மாணவர் மன்றங்களின் சமூக ஊடகப் பக்கங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜூனில் என்னிடம் தள்ளிவிட்டார்கள். தமிழ் மன்றம், நடனக் குழு, இயற்கை மன்றம், என்.எஸ்.எஸ். என்று மொத்தம் 11 இன்ஸ்டா பக்கங்கள், 2 யூடியூப் சேனல்கள், பாஸ்வேர்டு எந்த சீனியரிடம் இருக்கிறது என்றே தெரியாத ஒரு ஃபேஸ்புக் பக்கம்.

சென்ற மாதம் அடுத்தடுத்து இரண்டு விஷயம் நடந்தது. ஆண்டு விழா வீடியோவை முழுசாக யூடியூபில் ஏற்றினார்கள், நடனங்கள் எல்லாம் சினிமாப் பாட்டுக்குத்தான், மறுநாளே சேனலுக்கு ஏதோ காப்பிரைட் மெயில் வந்துவிட்டது. அது ஆறுவதற்குள் இயற்கை மன்றத்துப் பிள்ளைகள் கூகுளில் தேடி எடுத்த ஓர் இருவாச்சிப் பறவைப் படத்தைப் போஸ்டரில் போட, அந்தப் புகைப்படக்காரரே கல்லூரிக்கு மெயில் அனுப்பிக் கட்டணம் கேட்டார். "கர்ட்டசி: கூகுள் என்று போட்டிருந்தோமே மேடம்" என்கிறார்கள் பிள்ளைகள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

முதல்வர் திங்கட்கிழமைக்குள் விதிமுறை வேண்டும் என்கிறார். துறையில் மூத்தவர் ஒருவர் 14 பக்க வேர்டு ஃபைல் ஒன்றைக் கொடுத்து, கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், போதும் என்றார். படித்துப் பார்த்தால் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆவணம். ஃபேர் யூஸ், நான்கு காரணிகள் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. இது நமக்குப் பொருந்துமா? மாணவர்கள் எடுக்கும் போட்டோ யாருடையது? சிறப்பு விருந்தினர் பேச்சை முழுசாகப் போடலாமா? செய்தித்தாளில் நம் கல்லூரி பற்றி வந்ததை ஸ்கேன் செய்து போடுவதும் தப்பா? சட்டம் தெரிந்தவர்கள், இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நூலகத்து மேசை

மேடம், முதலில் அந்த 14 பக்கத்தை ஓரமாக வையுங்கள். இன்னொருவர் எழுதிய ஆவணத்தில் பெயரை மாற்றி நம்முடையது என்று வெளியிடுவதே பதிப்புரிமை மீறல், அதுவும் பதிப்புரிமை விதிமுறையில்! நான் 20 வருடமாகக் கல்லூரி நூலகர், இந்தக் காமெடியை மூன்று இடத்தில் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது, அது நமக்குப் பொருந்தவும் பொருந்தாது. நான்கு காரணிகளை வைத்து நியாயமான பயன்பாடா என்று எடைபோடுவது அமெரிக்கச் சட்டத்தின் வழி, அங்கே எந்த நோக்கத்துக்கும் அந்த வாதத்தை எடுத்துப்போகலாம். நம் 1957-ஆம் வருடச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அப்படி இல்லை. எதெது மீறல் ஆகாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றில் நம் வேலை உட்கார வேண்டும். சொந்த உபயோகமும் ஆராய்ச்சியும், விமர்சனம், நடப்புச் செய்தியைத் தெரிவிப்பது, வகுப்பில் ஆசிரியரும் மாணவரும் பாடத்துக்காகப் பிரதி எடுப்பது, இப்படிப் போகும். "எங்கள் மன்றத்துக்கு லாப நோக்கம் இல்லை" என்பது அந்தப் பட்டியலில் தனியாக எங்கேயும் கிடையாது. நிறையப் பேர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

உங்கள் ஆண்டு விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே 52-ஆம் பிரிவில் ஜே என்ற உட்பிரிவு ஒன்று இருக்கிறது. கல்வி நிறுவனத்தின் நிகழ்ச்சியில் அங்கேயே படிப்பவர்களும் வேலை செய்பவர்களும் ஒரு பாடலையோ நாடகத்தையோ மேடையேற்றினால் அது மீறல் ஆகாது. ஒலிப்பதிவை ஓடவிட்டு ஆடினாலும் பரவாயில்லை, ஆனால் பார்வையாளர்கள் அந்தக் கல்லூரியின் மாணவர், ஊழியர், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஆக அரங்குக்குள் பிள்ளைகள் ஆடியதில் ஒரு தப்பும் இல்லை. அதை வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றியதும் பார்வையாளர் உலகம் முழுக்க ஆகிவிடுகிறார்கள், அந்தச் சலுகை அரங்கு வாசலிலேயே நின்றுவிடுகிறது. பல கல்லூரிப் பிள்ளைகளை டிக்கெட் போட்டுக் கூப்பிடுகிற கல்ச்சுரல்ஸில் டிஜே வைத்தால் அரங்குக்குள்ளேயே சலுகை சந்தேகம்தான், அதற்கு முன்கூட்டியே உரிமம் வாங்குவதுதான் முறை.

விருந்தினர் பேச்சு: பொதுமேடையில் பேசிய பேச்சுக்கு முதல் உரிமையாளர் பேசியவரே, 17-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. மேடை நம்முடையது, மைக் நம்முடையது, டிஏ நாம் கொடுத்தோம் என்பதெல்லாம் செல்லாது. என்ன பேசினார் என்று செய்தியாகப் போடலாம். முழுப் பேச்சை ஏற்ற வேண்டுமென்றால் அழைப்புக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்து, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பேசி முடித்து டீ குடிக்கும்போது "சார், யூடியூபில் போட்டுக்கலாம்ல" என்று கேட்டு அவர் தலையாட்டுவது எழுத்து ஆகாது.

செய்தித்தாள் நறுக்கு: நம்மைப் பற்றிய செய்திதான், ஆனால் எழுதியதும் படம் எடுத்ததும் அவர்கள். அவர்களுடைய இணையப் பக்கத்தின் இணைப்பைப் போட்டு, நம் வார்த்தையில் இரண்டு வரி எழுதுவது பாதுகாப்பு. ஸ்கேன் போட்டதற்காகப் பத்திரிகைக்காரர் கல்லூரிக்கு நோட்டீஸ் அனுப்பி நான் பார்த்ததில்லை, அதற்காக அதை விதியாக எழுதி வைக்க முடியாது.

ஒரு சின்ன விஷயம், விதிமுறையில் காப்புரிமை என்று எழுதிவிடாதீர்கள். அது பேட்டன்ட். இது பதிப்புரிமை. பத்திரிகைகளே மாற்றி மாற்றி எழுதுகின்றன, இருந்தாலும் தமிழ் மன்றம் உள்ள கல்லூரியில் அந்தத் தப்பு வேண்டாம்.

எதற்கு வம்பு

இவ்வளவு பயப்படத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். டெல்லி பல்கலைக்கழகத்து ஜெராக்ஸ் கடை வழக்கில் பெரிய பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் சேர்ந்து போட்ட கேஸே நிற்கவில்லை. கல்விக்கென்றால் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. கல்லூரிப் பக்கம் என்றால் கல்விதானே?

நூலகத்து மேசை

இல்லை நண்பரே. அந்தத் தீர்ப்பை நூலகர்கள் நாங்கள் ரொம்பவே கொண்டாடினோம், அதனாலேயே அது எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதும் தெரியும். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் பார்த்தது பாடத்திட்டத்துக்காகப் புத்தகப் பகுதிகளைப் பிரதியெடுத்துத் தொகுத்த கட்டுகளை. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வும் அதே டிசம்பரில் கேட்டது இதைத்தான்: பாடம் நடத்தும் போக்கில் அந்தப் பிரதி தேவைப்பட்டதா? பதிப்பகங்கள் 2017-இல் வழக்கைக் கைவிட்டன. ஆக ஒரு பேராசிரியர் வகுப்புக்குக் கொடுக்கும் குறிப்புக்கு அது பெரிய துணை. ஃபிரெஷர்ஸ் டே ரீலில் பின்னணிப் பாட்டு போடுவது எந்தப் பாடத்திட்டத்தில் வருகிறது? இருவாச்சிப் படம் போட்ட போஸ்டர் மலையேற்றத்துக்கு ஆள் சேர்க்கத்தானே ஒட்டியது.

எதற்கு வம்பு

சரி, ஒத்துக்கொள்கிறேன். தீர்ப்பை நான் வாட்ஸப்பில்தான் படித்தேன்.

வெளிச்சம் குறைவு

போட்டோ கேள்விக்கு நான் சொல்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது போட்டோகிராபி கிளப், இப்போது கல்யாணம், காதுகுத்து, கல்லூரி விழா எல்லாம் எடுக்கிறேன்.

சட்டம் இதில் கொஞ்சம் வினோதமாக இருக்கும். கல்லூரி காசு கொடுத்து என்னைக் கூப்பிட்டு ஆண்டு விழாவை எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபட்சத்தில் அந்தப் படங்களின் முதல் உரிமையாளர் கல்லூரி. அதே 17-ஆம் பிரிவுதான். எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு இது தெரியாது, தெரிந்தவர்கள் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக்கொள்வார்கள். ஆனால் கிளப் பையன் சம்பளம் இல்லாமல் தன் கேமராவில் ஓடி ஓடி எடுத்தால் படம் அவனுடையது. கல்லூரி ஐடி கார்டு கழுத்தில் தொங்குவதால் அவன் கல்லூரியின் ஊழியன் ஆகிவிடுவதில்லை. அவனிடம் கல்லூரி அனுமதி வாங்க வேண்டும், இதை ஒரு கல்லூரியும் செய்வதில்லை. நான் மூன்றாம் வருடம் எடுத்த ஒரு படம் இன்னும் ஒரு கல்லூரியின் அட்மிஷன் விளம்பரத்தில் பேருந்து பின்னால் போய்க்கொண்டிருக்கிறது, மூலையில் இருந்த என் பெயரை மட்டும் வெட்டிவிட்டார்கள். காசு கேட்க மனசு வரவில்லை, பெயரை வெட்டியதுதான் இன்னும் உறுத்துகிறது. உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் படைத்தவரின் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கிற உரிமை 57-ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது மேடம், அதை மட்டும் விதிமுறையில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

அனுமதிச் சீட்டு எழுதும்போது ஒன்று கவனியுங்கள். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். இன்ஸ்டாவுக்கு ஏது எல்லை? இரண்டையும் எழுதிவிடுங்கள். முத்திரைத்தாள் எல்லாம் வேண்டாம், உரிமத்துக்குக் கையெழுத்து கட்டாயம் என்றிருந்ததையே 2012 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள், எழுத்தில் இருந்தால் போதும். கல்லூரி மெயில் ஐடியிலிருந்து ஒரு கூகுள் ஃபார்ம் நிரப்ப வைத்தாலே வேலை முடியும்.

இருவாச்சிப் படத்துக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். படத்தை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டு, முடிந்த தொகை சொல்லிப் பேசுங்கள். வால்பாறைப் பக்கம் ஒரு நல்ல இருவாச்சிப் படத்துக்கு எத்தனை நாள் மழையிலும் அட்டையிலும் உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மீடியா டீம் மூன்றாம் ஆண்டு

மேடம் வணக்கம், நான் வேறு ஊரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் மீடியா டீம் லீட். சட்டம் எல்லாம் மேலே சார் சொல்லிவிட்டார், நான் தினசரி அடிபடும் விஷயத்தைச் சொல்கிறேன்.

யூடியூபில் வந்த மெயிலை மறுபடி திறந்து பாருங்கள், அது கிளெய்மா ஸ்ட்ரைக்கா என்று. கன்டென்ட் ஐடி கிளெய்ம் என்றால் கம்ப்யூட்டரே பாட்டைக் கண்டுபிடித்து விளம்பர வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடும், இல்லையென்றால் வீடியோவை முடக்கும், சேனலுக்கு ஆபத்து இல்லை. ஸ்ட்ரைக் வேறு. உரிமையாளர் சட்டப்படி கேட்டு வீடியோவை எடுக்க வைத்தால் வருவது அது, 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். எங்கள் சீனியர்கள் ஒருமுறை கிளெய்மை ஸ்ட்ரைக் என்று நினைத்து ஆறு வருட வீடியோக்களை மொத்தமாக டெலீட் செய்துவிட்டார்கள். பேக்கப்பும் இல்லை. இன்றைக்கு அலும்னி மீட்டுக்கு ஒரு க்ளிப் கிடைக்காது.

இன்ஸ்டாவில் "ஆப்பிலேயே பாட்டு இருக்கிறதே, அப்புறம் என்ன" என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த லைப்ரரி தனிப்பட்ட உபயோகத்துக்கு, நிறுவன விளம்பரத்துக்கு இல்லை என்று இன்ஸ்டாவை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் இசை விதியிலேயே இருக்கிறது. பிசினஸ் அக்கவுன்ட்டில் பாதிப் பாட்டு தெரியாமல் இருப்பதற்குக் காரணமும் அதுதான். இதற்காகப் பசங்க அக்கவுன்ட்டை பர்சனல் என்று மாற்றிவிட்டுப் பாட்டைப் போடுவார்கள், கண்டிப்பாகச் செய்வார்கள், விதிமுறையில் தடுத்து எழுதுங்கள். அதிலும் ரீலின் கடைசியில் ஜவுளிக்கடை லோகோ, டைட்டில் ஸ்பான்சர் என்று வந்தால் அது முழு விளம்பரம், விளையாட்டாகப் போட்டோம் என்று சொல்லவே முடியாது. நாங்கள் இப்போது மெட்டா சவுண்ட் கலெக்‌ஷன், யூடியூப் ஆடியோ லைப்ரரி இரண்டிலிருந்துதான் எடுக்கிறோம். அதைவிட நல்ல வழி எங்கள் மியூசிக் கிளப்பில் பறையும் தவிலும் வாசிக்கிற பசங்க இருக்கிறார்கள், அவர்களை வைத்து 30 வினாடி, 60 வினாடி என்று ஒரு டஜன் பீட் ரெக்கார்ட் செய்து டிரைவில் போட்டுவிட்டோம். ட்ரெண்டிங் பாட்டு ரீலை விடவும் அதற்கு வியூஸ் குறைவுதான், பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு மியூட் கூட ஆனதில்லை.

படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ் தளம், பலரும் திறந்த உரிமத்தில் படம் ஏற்றும் இடம். ஆனால் அங்கே இருப்பதாலேயே சும்மா எடுக்க முடியாது, படத்துக்குக் கீழே இருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் (எந்த நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்று சொல்லும் பொது உரிமம்) வகையைப் பார்த்து எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் போட வேண்டும். கேன்வாவில் கிடைக்கும் படத்தைப் போஸ்டருக்குள் வைக்கலாம், படத்தை மட்டும் தனியாக உருவிப் போடக் கூடாது. தமிழ் ஃபான்ட்டுக்குப் பசங்க எங்கிருந்தோ கிராக் செய்த சிடி வைத்திருப்பார்கள், தேவையே இல்லை மேடம், கூகுள் ஃபான்ட்ஸில் ஹிந்த் மதுரை, முக்த மலர், கவிவாணர், பாலூ தம்பி என்று திறந்த உரிமத்தில் நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன. பாலூ தம்பி மட்டும் அளவாகப் போடச் சொல்லுங்கள், எங்கள் காலேஜில் இரங்கல் செய்திக்குக் கூட அதைப் போட்டார்கள்.

பாஸ்வேர்டு விஷயம் பதிப்புரிமை இல்லைதான், ஆனால் அதைச் சரி செய்யாமல் மற்றது எதையும் செய்ய முடியாது. புகார் வந்தால் எடுக்க ஆள் வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஆசிரியர், ஒரு மாணவர், கல்லூரி மெயில் ஐடி.

கோவை விரிவுரையாளர்

எல்லோருக்கும் நன்றி, சனிக்கிழமை முழுக்க இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். மெயிலைத் திறந்து பார்த்தேன், அதில் மூன்று பாட்டுக்குப் புகார், மூன்றுமே கிளெய்ம்தான், ஸ்ட்ரைக் இல்லை. டெலீட் செய்ய ஒருவர் தயாராக உட்கார்ந்திருந்தார், நல்ல வேளை. இருவாச்சிக்காரரிடமும் போனில் பேசினேன். பணம் வேண்டாம், நவம்பரில் வந்து பிள்ளைகளுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்துகிறேன், வழிச்செலவு மட்டும் கொடுங்கள் என்கிறார்.

இன்னும் இரண்டு சந்தேகம். தமிழ் மன்றம் பாரதி பாடல்களைப் பாடி வீடியோ போட வேண்டும் என்கிறது, பாரதிக்கு ஏது உரிமை என்று. அப்புறம் மீம். வடிவேலு இல்லாமல் தேர்வுக் கட்டண அறிவிப்பே போட மாட்டோம் என்கிறார்கள்.

நூலகத்து மேசை

பாரதியின் சொற்கள் எல்லாருக்கும் பொது, யாரிடமும் கேட்க வேண்டாம். எழுதியவர் இறந்து 60 வருடம் வரைதான் உரிமை, பாரதி மறைந்தது 1921-இல். ஆனால் பிள்ளைகள் எந்த மெட்டில் பாடுகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் சினிமாவில் வந்த மெட்டாகத்தான் இருக்கும், நம் காதுக்கு அதுதான் பாரதி பாட்டு. மெட்டு போட்ட இசையமைப்பாளருக்கு அவர் இறந்து 60 வருடம் வரை அந்த மெட்டில் உரிமை உண்டு. ஒலிப்பதிவு மூன்றாவது, அது வெளிவந்ததிலிருந்து 60 வருடம். ஒரே பாட்டில் சொல், மெட்டு, பதிவு என்று மூன்று பூட்டு, பாரதி ஒரு பூட்டைத்தான் திறந்து வைத்திருக்கிறார். நேராகச் சொன்னால், உங்கள் இசை ஆசிரியரையோ பாடத் தெரிந்த ஒரு மாணவியையோ புதிதாக மெட்டமைக்கச் சொல்லுங்கள், எந்தக் கவலையும் இல்லாமல் போடலாம். பழைய மெட்டைவிட நன்றாக வராதுதான், பரவாயில்லை.

மீம் கொஞ்சம் சிக்கல். பகடிக்கென்று நம் சட்டத்தில் தனி விலக்கு கிடையாது, விமர்சனம் என்ற பெயரில்தான் நுழைய வேண்டும். ஒரு நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 1996-இல் எழுதியவர் பக்கம் நின்றது, மூலத்தை விமர்சிக்கத்தான் அதை எடுத்தார் என்பதால். தேர்வுக் கட்டண மீம் அந்தப் படத்தை விமர்சிக்கவில்லை, அந்த முகத்தைக் கடன் வாங்குகிறது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் வடிவேலு மீமுக்கு வழக்குப் போட ஆரம்பித்தால் நீதிமன்றம் தாங்காது, அது வேறு விஷயம். என் யோசனை: மீம் பிள்ளைகளின் சொந்தப் பக்கத்தில் இருக்கட்டும், கல்லூரி முத்திரை உள்ள பக்கத்தில் வேண்டாம். அதற்குப் பதிலாக உங்கள் கல்லூரி வாட்ச்மேனோ கேன்டீன் அண்ணனோ சம்மதித்தால் அவர்களை வைத்துப் படம் எடுத்து மீம் போடச் சொல்லுங்கள். எங்கள் கல்லூரியில் கேன்டீன் அண்ணன் இப்போது முதல்வரைவிடப் பிரபலம்.

புகார் வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். சட்டப்படி புகார் வந்தால் தளங்கள் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவுக்கான வழியை அடைக்க வேண்டும், புகார் கொடுத்தவர் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம் என்று இருக்கிறது. அதே 36 மணி நேரத்தை நீங்களும் உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஆர்கைவ் (பதிவை அழிக்காமல் மறைத்து வைப்பது), பிறகு வாதம். 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருப்பதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம், ஆனால் அதையே முதல் வரியாக வைத்து மிரட்டாதீர்கள். மிரட்டினால் எல்லாப் பக்கத்தையும் கல்லூரிப் பெயர் இல்லாமல் ரகசியமாக நடத்துவார்கள்.

கோவை விரிவுரையாளர்

14 பக்கம் இப்போது ஒன்றரைப் பக்கம் ஆகிவிட்டது, பின்னால் ஒரு அனுமதிச் சீட்டு. கடைசியாக ஒன்று கேட்கிறேன் சார், "சலுகை அரங்கு வாசலிலேயே நின்றுவிடுகிறது" என்று நீங்கள் எழுதிய வரியை அப்படியே விதிமுறையில் வைத்துக்கொள்ளலாமா? எழுத்தில் சொல்லுங்கள்.

நூலகத்து மேசை

வைத்துக்கொள்ளுங்கள். காலவரையின்றி, உலகம் முழுவதற்கும், கட்டணம் இல்லாமல். பெயர் மட்டும் "ஒரு நூலகர்" என்று போடுங்கள்.